‘ஆர்ட்டின் ராஜா’வை ஊர் வாசகசாலையில் திரையிடுவது எப்படி

கன்னியாகுமரி மாவட்டத்தின் விளவங்கோடு, கல்குளம் பக்கங்களில் மாலை நேரத்தில் திறக்கும் வாசகசாலைகள் இன்னும் பல இருக்கின்றன. நாளிதழும் கேரம்போர்டும் கிடக்கும் அந்த அறையில் ஒரு புரொஜெக்டரை வைத்து, போரையும் பைத்தியத்தையும் பற்றிய ஒரு பிரெஞ்சு நகைச்சுவைப் படத்தைக் காட்டி, பிறகு ஒரு மணி நேரம் பேச வைக்க முடியும். படத்தை ஓட விடுவது எளிது. வந்தவர்கள் சரியான இடத்திலிருந்து பேசத் தொடங்குவதுதான் கடினம். இந்தக் கையேடு பெரும்பாலும் அதைப் பற்றியது.

பிலிப் த ப்ரோக்கா இயக்கி 1966இல் வெளிவந்த அந்தப் படத்துக்கு ஆங்கிலத்தில் ‘கிங் ஆஃப் ஹார்ட்ஸ்’ என்று பெயர். சீட்டாடுகிறவர்களின் தமிழில் அது ஆர்ட்டின் ராஜா. சுவரொட்டியில் அப்படியே எழுதுங்கள், ‘இதயங்களின் அரசன்’ என்று எழுதினால் காதல் படம் என்று நினைத்துக்கொள்வார்கள். கதை 1918 அக்டோபரில், முதல் உலகப் போரின் கடைசி நாள்களில் நடக்கிறது. பின்வாங்கும் ஜெர்மானியப் படை ஒரு பிரெஞ்சுச் சிற்றூரில் வெடிமருந்தைப் புதைத்து வைக்க, நள்ளிரவு மணி அடிக்கும் கடிகாரக் கோபுரத்து இயந்திர வீரனே அதற்குத் திரியாகிறான். ஊரார் ஓடிவிடுகிறார்கள். திறந்து கிடக்கும் மனநோய்க் காப்பகத்திலிருந்து வெளியே வருபவர்கள் நாவிதராகவும் ஆயராகவும் பிரபுவாகவும் உடை மாற்றிக்கொண்டு ஊரை நடத்தத் தொடங்குகிறார்கள். பிரெஞ்சு தெரியும் என்பதற்காக, புறாக்களைப் பார்த்துக்கொள்ளும் ஒரு ஸ்காட்லாந்துச் சிப்பாயை வெடிகுண்டை அகற்ற அனுப்புகிறார்கள்; அவனையே அவர்கள் அரசனாக்கி முடி சூட்டுகிறார்கள். ஆலன் பேட்ஸ் அந்தச் சிப்பாயாகவும், ஜெனவியெவ் புஷோல்ட் கோக்லிகோ என்ற பெண்ணாகவும் நடித்திருக்கிறார்கள். பிரான்சில் இந்தப் படம் எடுபடவில்லை. ஆனால் வியட்நாம் போர்க் காலத்து அமெரிக்காவில் மாணவர்கள் இதைத் தங்கள் படமாக எடுத்துக்கொண்டார்கள். மாசசூசெட்ஸ் மாநிலத்துக் கேம்பிரிட்ஜில் ஒரே திரையரங்கில் ஐந்து ஆண்டுகள் ஓடியது.

முதல் வேலை அனுமதி. கட்டணம் வாங்காத காட்சிதானே என்று யாரோ அனுப்பிய கோப்பை ஓட்டுவது நம்மிடம் பழகிப்போன ஒன்று. ஆனாலும் பொது இடத்தில் காட்டுவதற்கு உரிமையாளரிடம் எழுதிக் கேட்பதே முறை. 2018இல் 4கே தரத்தில் புதுப்பித்த படி வெளிவந்தது. பழைய மங்கிய படியைத் தேடாமல் அதைக் கேளுங்கள். காட்சி நேரம் ஏறக்குறைய 1 மணி 40 நிமிடம்.

தமிழ்த் துணைத்தலைப்புகளை ஊரிலேயே எழுதிக்கொள்வது நல்லது, ஏனெனில் இந்தப் படத்தின் சிரிப்பில் பாதி பேச்சில்தான் இருக்கிறது. ஒரு நேரத்தில் இரண்டு வரிக்கு மேல் போகாதீர்கள். துணைத்தலைப்புக் கோப்பை யூடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியாக்க முறையில் சேமிக்காவிட்டால் திரையில் எழுத்துக்குப் பதில் கட்டங்கள் வரும். எங்கள் முதல் காட்சியில் முதல் பத்து நிமிடம் வெறும் கட்டங்களைத்தான் மக்கள் பொறுமையோடு வாசித்தார்கள். பெயர்களிலும் கவனம் வேண்டும். கோக்லிகோ என்பது வயல்களில் தானாக வளரும் சிவப்புக் கசகசாப்பூ. அதே பூவைத்தான் முதல் உலகப் போரில் மாண்டவர்களின் நினைவாகப் பிரிட்டனில் சட்டையில் குத்திக்கொள்கிறார்கள். அவள் முதன்முதலாக வரும் இடத்தில் ‘கசகசாப்பூ’ என்று ஒரு சொல்லைச் சேர்த்துவிட்டால் போதும்.

படம் அகலத் திரைக்காக எடுக்கப்பட்டது. சாதாரணத் திரையில் மேலும் கீழும் கறுப்புப் பட்டை விழும். துணைத்தலைப்பு கீழ்ப்பட்டையில் வருவதால், திரையின் அடி விளிம்பு உட்கார்ந்திருப்பவர் தலைக்கு மேலே இருக்க வேண்டும். தகரக் கூரை என்றால் ஆனி, ஆடி மாதங்களையும் ஐப்பசி, கார்த்திகையையும் விட்டுவிடுங்கள். நம் மாவட்டத்துக்கு இரண்டு மழைக்காலம், இரண்டுமே தகரத்தின் மேல் விழும்போது மைக் செட் எதுவும் ஈடுகொடுக்காது.

முன்னுரை ஐந்து நிமிடத்தைத் தாண்டக் கூடாது. நாங்கள் அழைத்த ஒரு பேச்சாளர் படத்துக்கு முன் நாற்பது நிமிடம் உலக சினிமா பேசினார். படம் முடியும்போது அறையில் பாதிப் பேர் இல்லை. ஆண்டும் இடமும் சொல்லுங்கள், இயக்குநர் அல்ஜீரியப் போரைப் பிரெஞ்சுப் படையின் திரைப்படப் பிரிவில் இருந்து பார்த்தவர் என்று சொல்லுங்கள், முடிவைச் சொல்லாதீர்கள். விபசார விடுதி ஒன்று கதையில் வருகிறது. இறுதியில் ஒரு மனிதன் பறவைக் கூண்டோடு ஆடையின்றி முதுகைக் காட்டி நிற்கிறான். தேவாலயப் பங்குக் கட்டடத்திலோ கோயில் மண்டபத்திலோ நடத்தினால் இதைப் பொறுப்பாளர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். வெட்டி எடுக்க ஒப்புக்கொள்ளாதீர்கள். அந்த நிர்வாணம்தான் படத்தின் விடை, சீருடையைக் கழற்றாமல் அவன் காப்பக வாசலில் போய் நிற்க முடியாது.

விளக்குப் போட்டதும் ‘படம் எப்படி இருந்தது’ என்று கேட்டால் ‘நல்லா இருந்தது’ என்ற பதிலோடு கூட்டம் கலைந்துவிடும். ‘யார் பைத்தியம்’ என்பதும் வீண் கேள்விதான், எல்லாரும் ராணுவத்தைக் கைகாட்டிவிட்டு நிம்மதியாகப் போய்விடுவார்கள். சொல்லிலிருந்து தொடங்குங்கள். பைத்தியமா என்ற பொருளில் ‘உனக்கென்ன வட்டா’ என்று நாம் ஒரு நாளில் எத்தனை பேரைக் கேட்கிறோம்; வட்டு, பிராந்து, கிறுக்கு என்ற சொற்களைக் கரும்பலகையில் எழுதி, கடைசியாக யாரை எதற்காக அப்படிச் சொன்னீர்கள் என்று கேளுங்கள். வேலையை விட்டவன், கல்யாணம் வேண்டாமென்றவள், சொத்தைத் தம்பிக்கு எழுதிக்கொடுத்தவர் என்று பட்டியல் நீளும். நோயாளி அதில் அபூர்வமாகத்தான் வருவார்.

அதன் பிறகு ஒரே ஒரு காட்சியை மீண்டும் போட்டுக் காட்டுங்கள்: இரு படைகளும் சதுக்கத்தில் எதிரெதிரே வரிசை கட்டி நின்று, ஒருவரையொருவர் சுட்டு முற்றாக அழியும் காட்சி. காப்பகத்தவர்கள் அதை மேலே மாடத்திலிருந்து பார்க்கிறார்கள். நாம் அவர்களோடு மாடத்தில் நிற்கிறோமா, கீழே வரிசையில் நிற்கிறோமா என்று கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள். பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர்கள் இல்லாத ஊர் நம்மிடம் குறைவு, அவர்களைக் கட்டாயம் அழையுங்கள். எங்கள் கூட்டத்தில் இளைஞர்கள் எல்லாம் சிரித்து முடித்த பிறகு அப்படி ஒருவர் எழுந்து, “மக்களே, ரெண்டு பக்கமும் டிரில்லைச் சரியாத்தான் செய்யானுவ, அதுதான் எனக்குப் பயமா இருக்கு” என்றார். அன்றைய பேச்சு அங்கிருந்துதான் தொடங்கியது.

பள்ளிப் பிள்ளைகள் இருந்தால் உதயகிரிக் கோட்டையை நினைவூட்டலாம். 1741இல் குளச்சல் போரில் மார்த்தாண்ட வர்மாவிடம் சிறைப்பட்ட, டச்சுப் படையில் இருந்த டிலனாய், பிறகு அதே திருவிதாங்கூர்ப் படையைப் பயிற்றுவித்து ‘வலிய கப்பித்தான்’ (பெரிய கேப்டன்) என்று அழைக்கப்பட்டு, 1777இல் இறந்து புலியூர்க்குறிச்சியில் அந்தக் கோட்டைக்குள்ளேயே அடக்கமானார். சீருடை மாறினால் எதிரி என்ற சொல் எங்கே போகிறது என்பதைப் படத்தை வைத்துக் கேட்பதைவிட அந்தக் கல்லறையை வைத்துக் கேட்டால் பிள்ளைகள் வேகமாகப் பதில் சொல்கிறார்கள்.

ஓர் இடத்தில் மட்டும் படத்தோடு மோத வேண்டியிருக்கிறது. இதில் வரும் காப்பகத்தவர்கள் யாருக்கும் வலி இல்லை, தூக்கமில்லாத இரவு இல்லை, மாத்திரை இல்லை, எல்லாரும் பூப்போன்றவர்கள். அது நீதிக்கதையின் வசதி. 2001 ஆகஸ்ட் 6 அன்று இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், சங்கிலியில் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் மாண்டதை அறிந்த தமிழ் அரங்கில் இதைச் சொல்லாமல் விடுவது சரியல்ல. 1912ஆம் ஆண்டுச் சட்டம் ‘லூனசி’ (பைத்தியம்) என்ற சொல்லைத் தலைப்பிலேயே வைத்திருந்தது. 1987இல் அதன் இடத்துக்கு வேறு சட்டம் வந்து, 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியிடுவதை எந்த வடிவிலும் தடை செய்தது. தம் வீட்டில் நோயாளி உள்ள ஒருவர் கூட்டத்தில் நிச்சயம் இருப்பார். அவரைப் பேசச் சொல்லி வற்புறுத்தாமல், அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416ஐக் கரும்பலகையின் ஓரத்தில் எழுதி வையுங்கள்.

கடைசி ஒரு யோசனை, விருப்பமிருந்தால். வாசலில் ஒரு சீட்டுக்கட்டை வைத்து, வருகிறவர்களை ஆளுக்கு ஒன்று எடுக்கச் சொல்லி, கலந்துரையாடலில் அந்த வரிசையில் பேச விடலாம். எப்போதும் பேசுகிறவர்களே பேசுவது இதனால் குறையும். எங்கள் காட்சியில் ஆர்ட்டின் ராஜா ஒரு தச்சருக்குப் போனது. அரசராக ஏதாவது சொல்லுங்கள் என்றதற்கு அவர் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “இருபத்தெட்டு ஆட்டத்துல குலானுக்கு, அதான் ஜாக்கிக்கு, மூணு புள்ளி, ஒம்பதுக்கு ரெண்டு. இவனுக்கு ஒண்ணும் கிடையாதே” என்று சொல்லி உட்கார்ந்துவிட்டார்.