பழைய அம்பாசிடரின் அடிச்சத்தம்: கிரவுனைக் கழற்றும் முன்

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் வளவு வீடுகளில் நிற்கும் அம்பாசிடர்களும் ஃபியட்டுகளும் கல்யாணத்துக்கும், முன்னோர் வழிபாடான படைப்புக்குமாக ஆண்டில் சில நாள்களே வெளியே வருகின்றன. அவை அடியில் சத்தத்தோடு பட்டறைக்கு வரும்போது, நாங்கள் தொழில் பழகிய காலத்துத் தவறுகளையே இன்றைய பிள்ளைகளும் செய்கிறார்கள். ஆயில் அளவு பார்க்காதது போன்ற எளிய பிழைகளை இங்கே விட்டுவிடுகிறேன்.

ஜாக்கியில் தூக்கிக் கேட்டு, கிரவுன் பினியனைக் கழற்றுவது

அதிகச் செலவு வைப்பதும் எனக்கு இன்றும் எரிச்சல் தருவதும் இந்தத் தவறுதான். கிரவுனும் பினியனும், எஞ்சினின் சுழற்சியைப் பின் சக்கரங்களுக்குத் திருப்பிவிடும் பல்சக்கர ஜோடி. பாடியில் முட்டுக் கொடுத்துப் பின்பக்கத்தைத் தூக்கினால், பின் சக்கரங்கள் பூட்டிய ஆக்சில் கீழே தொங்கி, கியர் பாக்ஸிலிருந்து அதற்குச் சுழற்சியைக் கொண்டுவரும் புரொப்பெல்லர் ஷாஃப்டின் சாய்வு கூடி, சாலையில் இல்லாத உதறல் ஷாஃப்டின் முனையில் வளைந்துகொடுக்கும் இணைப்பான யூ.ஜே. கிராஸில் எழும். பாரம் இல்லாததால் பற்களும் கடகடக்கும். அதை நம்பி, வேறொரு பட்டறையில் திருப்பத்தூர் வண்டி ஒன்றுக்கு நன்றாக இருந்த கிரவுனைக் கழற்றிவிட்டு வேறு மாற்றியிருந்தார்கள். அதுவும் பினியனை விட்டுவிட்டு. இரண்டும் ஜோடியாகத் தேய்த்து இணைக்கப்பட்டவை. ஒன்றை மட்டும் மாற்றினாலும், ஷிம் என்ற மெல்லிய தகடு வைத்து, பற்கள் ஒன்றோடொன்று படும் பதிவைச் சரிபார்க்காமல் பூட்டினாலும், இல்லாத ஊளை வந்து சேரும். அந்த வண்டியில் முதலில் இருந்த உறுமலுக்குக் காரணம் இடப்பக்கச் சக்கர பேரிங். 2014-இல் உற்பத்தி நின்ற வண்டிக்கு நல்ல ஜோடி எளிதில் கிடைப்பதில்லை என்பதை உரிமையாளரிடம் யார் சொல்வது?

சாலையில் ஓட்டித்தான் கேட்க வேண்டும். ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது ஒரு விதமாகவும் விடும்போது வேறு விதமாகவும் ஊளையிட்டால் கிரவுன் பினியனைச் சந்தேகிக்கலாம். மிதித்தாலும் விட்டாலும் மாறாமல், வேகத்தோடு மட்டும் ஏறி இறங்கி, வலப்பக்கம் வளைக்கையில் கூடினால், பாரம் ஏறும் இடப்பக்க பேரிங்கைப் பாருங்கள்.

செம்மண் என்று துடைத்துவிடுவது

நம் ஊர் வண்டிகளின் அடியில் எல்லாமே சிவப்பாகத்தான் இருக்கும். ஆனால் செம்மண் ஷாஃப்ட் முழுவதும் படியும். கிராஸின் மூடி விளிம்பில் மட்டும் வளையமாக நிற்கும் செந்தூள், கிரீஸ் வற்றிய ஊசி பேரிங் அரைபட்டுக் கக்கிய துரு. ரிவர்சுக்கு மாற்றிக் கிளட்சை விட்டதும் ‘டக்’ என்று அடிக்கிறதா என்று பார்த்தால் உறுதியாகிவிடும்.

நின்று கிடந்த டயரை மறப்பது

நாள்கணக்கில் நின்ற டயர், தரையில் பட்ட இடம் தட்டையாகி அதுவே சத்தம் தரும். காற்றைச் சரிசெய்து, சில கிலோமீட்டர் ஓட்டிய பிறகு கேளுங்கள்.

கிளட்சை மிதித்துப் பார்க்காமல் கியர் பாக்ஸை இறக்குவது

நியூட்ரலில் சத்தம் கேட்டு, கிளட்சை மிதித்ததும் அடங்கினால் கியர் பாக்ஸின் முன் பேரிங். மிதித்தால் மட்டும் வந்தால் கிளட்ச் ரிலீஸ் பேரிங். இறக்கும் முன்பே இது தெரிந்தால், பாகத்தை வரவழைத்துவிட்டு வேலையைத் தொடங்கலாம்.