கலெக்டிவ் வாங்கும் முன் கையை எடுத்துப் பாருங்கள்

வீட்டு ஹெலிகாப்டர் சிமுலேட்டருக்குக் கலெக்டிவ் (ஹெலிகாப்டரை ஏற்றி இறக்கும் இடக்கை நெம்புகோல்) வாங்கும்போது பட்டன் எண்ணிக்கையில் மயங்க வேண்டாம். நெம்புகோலைப் பாதி உயரம் தூக்கிக் கையை எடுங்கள். ஒரு நூல்கூட இறங்காமல் நிற்க வேண்டும். உராய்வைக் கூட்டிக் குறைக்கத் திருகு அவசியம். ரொம்ப இறுக்கினால் ஒட்டிக்கொண்டிருந்து வெடுக்கென நகரும், ஹோவர் (அந்தரத்தில் ஒரே இடத்தில் நிற்பது) கலைந்துவிடும்.

சென்சாரில்தான் பலர் ஏமாறுவது. கோலின் நிலையை உரசும் தொடுமுனையால் அளக்கும் பொட்டென்ஷியோமீட்டர் தேயத் தேய அளவு துடிக்கும். காந்தப்புலத்தை வைத்து அளக்கும் ஹால் சென்சாரில் உரசலே இல்லை. இன்னொன்று: கோல் அசைவது 30 டிகிரி என்றால், 300 டிகிரி சுழலும் பொட்டென்ஷியோமீட்டரை நேரடியாக மாட்டும்போது 10 பிட் கருவி பிரித்தறியும் 1024 படிகளில் சுமார் 100தான் பயன்படும். 30 செ.மீ. கோலில் படிக்கு ஒன்றரை மி.மீ.! காலிபரேஷன் (மென்பொருளில் எல்லைகளைச் சரிசெய்வது) செய்தாலும் படிகள் அதிகமாகாது. பல்சக்கரம் வைத்துச் சுழற்சியைப் பெருக்கியதையோ, குறுகிய கோணத்துக்கென்றே அமைத்த ஹால் சென்சாரையோ தேடுங்கள்.

ஹியூயி (பெல் UH-1 ஹெலிகாப்டர்) ஓட்டுபவர்கள் முறுக்குப்பிடி (எஞ்சின் திராட்டில்) தனி ஆக்சிஸாக, அதாவது தனி உள்ளீடாக, கணினியில் தெரிகிறதா என்று கேளுங்கள். மேசையில் அல்ல, நாற்காலியின் இடப்பக்கமே பொருத்துங்கள். நாற்காலி நகர்ந்தாலும் கைக்கு எட்டும். கோலைத் தூக்கும்போது ஹெலிகாப்டர் இறங்கினால் பழுதில்லை, அமைப்புகளில் ஆக்சிஸைத் தலைகீழாக்கினால் போதும்.