பிலிப் தீவில் பறவைகளைப் படம் எடுக்கப் போகிறீர்களா?

மெல்போர்னிலிருந்து சுமார் 140 கிலோமீட்டர் தொலைவில் உள்ள பிலிப் தீவுக்குக் கேமராவோடு போகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது கடல் ஏற்ற அட்டவணையை. நீர் ஏறும்போது பாறைகளில் இரை தேடும் சிப்பிபிடிப்பான்கள் என்ற கடற்கரைப் பறவைகள் கரைப்பக்கம் ஒதுங்கும். நாம் துரத்த வேண்டியதில்லை. வயிற்றைத் தரையில் பதித்துப் படுத்துக்கொண்டு காத்திருந்தால் அவையே நெருங்கி வரும். நின்றபடி எடுத்தால் முதுகுதான் கிடைக்கும்.

சிப்பிபிடிப்பான்களில் ஒருவகை முழுக் கறுப்பு. வெளிச்சமான மணலில் கேமரா ஏமாந்து அதை நிழலுருவமாக்கிவிடும்; எக்ஸ்போஷரை, அதாவது படத்தில் பதியும் வெளிச்சத்தின் அளவை, சற்றுக் கூட்டுங்கள். இருண்ட கடலுக்கு எதிரே வெள்ளைக் கடற்பறவை என்றால் குறைக்க வேண்டும். பறக்கும் பறவையை எடுக்க ஷட்டர் வேகம் 1/2000 நொடி.

ஆகஸ்ட் முதல் மார்ச் வரை மணலில் கால் வைக்கும் இடத்தைக் கவனியுங்கள். கறுப்புத்தலை உப்புக்கொத்தி என்ற சிறு கரைப்பறவை திறந்த மணலிலேயே முட்டையிடும். முட்டையும் மணல் நிறந்தான். வேலி கட்டியிருந்தால் தாண்டாதீர்கள், எவ்வளவு நல்ல படமானாலும்.

மாலையில் 'லிட்டில் பெங்குவின்' என்ற சிறிய இனப் பெங்குவின்கள் கரையேறும் இடத்தில் படம் எடுக்கவே தடை, கைபேசியிலும்கூட. கேமராவைப் பையில் வைத்துவிட்டுக் கண்ணால் பாருங்கள். திரும்பியதும் லென்ஸில் படிந்த உப்பைச் சற்று ஈரத்துணியால் ஒற்றி எடுங்கள். காய்ந்த துணியால் தேய்த்துக் கீறிக்கொண்டவன் சொல்கிறேன்.