எள்ளிலும் கடுகிலும் கலப்பில்லாத விதை எடுக்கும் முறை

சம்பா, தாளடி அறுவடைக்குப் பின் வயலில் எஞ்சிய ஈரத்தைக் கொண்டு எள் விதைக்கும் டெல்டா உழவர்கள், அடுத்த பட்டத்துக்கான விதையைத் தம் வயலிலிருந்தே எடுக்க விரும்பினால், அப்பயிரின் பூ எவ்வாறு கருவுறுகிறது என்பதை முதலில் அறிய வேண்டும். எண்ணெய் வித்துகள் எல்லாவற்றுக்கும் ஒரே விதி பொருந்தாது. நிலக்கடலை பெரும்பாலும் பூ விரியும் முன்பே தன் மகரந்தத்தால் கருவுற்றுவிடுவதால் இரண்டு இரகங்களுக்கு இடையே 3 மீட்டர் விட்டாலே போதும். சூரியகாந்தியோ தேனீக்களை நம்பியிருக்கும் அயல் மகரந்தச் சேர்க்கைப் பயிர். எள்ளும் கடுகும் இவற்றுக்கு நடுவே இருப்பதால்தான் அவற்றில் கலப்பு எளிதில் கவனத்துக்குத் தப்பிவிடுகிறது.

எள் பூ விடியற்காலையில் விரிகிறது. அதையொட்டியே மகரந்தப் பைகளும் வெடித்து, அருகிலுள்ள சூல்முடியில் மகரந்தம் படிவதால் பெரும்பகுதி தன் மகரந்தச் சேர்க்கையாகவே நடைபெறுகிறது. ஆயினும் தேன் தேடிப் பூக்குழலுக்குள் நுழையும் தேனீக்கள் அயல் மகரந்தத்தையும் கொண்டுவரும். அவை மிகுந்த இடத்தில் கலப்பும் கூடும்.

இங்கு ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. கறுப்பு எள் வயலுக்கு அருகில் எஸ்.வி.பி.ஆர். 1 போன்ற வெள்ளை எள் பூத்திருந்து கலப்பு நிகழ்ந்தாலும், அந்தப் பட்டத்தில் விளையும் மணிகளின் நிறம் மாறாது. விதையின் மேலுறை தாய்ச்செடியின் திசுவால் ஆனது; ஆகவே கலந்த மணியும் கலக்காத மணியும் களத்தில் ஒன்றுபோலவே தெரியும். அந்த மணி முளைத்து வளர்ந்து காய்க்கும்போதுதான் கலப்பு வெளிப்படத் தொடங்கும். நிறத்தைப் பார்த்து விதை சுத்தமானது என்று நம்பிவிடக் கூடாது.

எள்ளுக்கான பயிர் விலகு தூரம், அதாவது வேறு இரக வயலிலிருந்து விட வேண்டிய இடைவெளி, ஆதார விதைக்கு (சான்று விதையைப் பெருக்க உதவும் மூல விதை) 100 மீட்டர், சான்று விதைக்கு (உழவர்களுக்கு வழங்கச் சான்றளிக்கப்படும் விதை) 50 மீட்டர். ஒரு மா நிலம் (சுமார் 33 சென்ட்) சதுரமாக இருந்தால் அதன் பக்கம் சுமார் 37 மீட்டர்தான் என்பதால், இடையில் ஒரு மா வயல் இருப்பது போதாது. பக்கத்து வயல்காரர்களோடு பேசி ஒரே இரகத்தை விதைப்பதே டெல்டாவில் நடைமுறைக்கு ஏற்றது. அது இயலாதபோது வரப்போரச் செடிகளை எண்ணெய்க்கு ஒதுக்கிவிட்டு, வயலின் நடுப்பகுதியில் மட்டும் விதை எடுக்கலாம். பூக்கும் முன்பும், பூக்கும்போதும், காய் பிடித்த பின்பும் கலவன்களையும் (இரகத்தின் இயல்புக்கு மாறாகத் தெரியும் செடிகள்), பூக்கள் பச்சை இலைபோல் மாறிய நோய்ச் செடிகளையும் பிடுங்கி அகற்ற வேண்டும்.

சில செடிகளில் மட்டும் உறுதியாகத் தன் மகரந்தச் சேர்க்கை வேண்டுமென்றால், மறுநாள் விரியவிருக்கும் முதிர்ந்த மொட்டுகளை மாலையில் தேர்ந்து, அவற்றின் நுனியை நூலால் இலேசாகக் கட்ட வேண்டும். பூ உதிரும்போது அந்த நூலும் விழுந்துவிடும் என்பதால், காம்பில் வண்ண நூல் ஒன்றைத் தனியே கட்டிவைத்தால்தான் அந்தக் காயைப் பின்னர் அடையாளம் காண முடியும்.

இரண்டு இரகங்களை வேண்டுமென்றே கலக்க விரும்புவோருக்கும் எள் இணக்கமான பயிர். மகரந்தத் தாள்கள் அல்லியோடு ஒட்டியிருப்பதால், மாலையில் முதிர்ந்த மொட்டின் அல்லிக் குழலை மெதுவாக இழுத்தாலே அவை அனைத்தும் சேர்ந்து வந்துவிடும். எஞ்சி நிற்கும் சூலகத்தை, ஒரு முனை மடக்கிய உறிஞ்சுகுழல் துண்டால் மூட வேண்டும். மறுநாள் காலை குழலை நீக்கி, ஆண் பெற்றோராகத் தேர்ந்த செடியில் அப்போது விரிந்த பூவின் மகரந்தத்தைச் சூல்முடியில் தடவி, மீண்டும் மூடிவிடலாம்.

கடுகு டெல்டாவில் எண்ணெய்ப் பயிரன்று. வீட்டுத் தோட்டத்தில் தாளிப்புக்காக விதைப்பவர்களே உண்டு. தாளிக்கும் கருங்கடுகு வகைகளுள் பரவலான இந்தியக் கடுகு தன் மகரந்தத்தை ஏற்கும்; அயல் சேர்க்கை பொதுவாக 5 முதல் 15 சதவீதம். அதில் தூய விதை எடுக்க, விரிந்த பூக்களையும் பிடித்த காய்களையும் நீக்கிவிட்டு, பூங்கொத்தை மெல்லிய மல் துணிப் பையால் மூடி, தண்டு நீள நீளப் பையை உயர்த்திக் கட்ட வேண்டும். பாலிதீன் பையில் ஈரம் தேங்கும் என்பதால் அது வேண்டாம். வட இந்தியாவில் விளையும் தோரியா வகையோ தன் மகரந்தத்தை ஏற்காது. ஒரு செடியை மட்டும் பையிட்டால் காய்கள் அநேகமாகப் பிடிக்கா. அவ்வகையில் பல செடிகளைச் சேர்த்தே வளர்த்து, வேறு கடுகு வகைகளிலிருந்து அந்தக் கூட்டத்தைத் தொலைவில் வைக்க வேண்டும்.