வயசான டிடெக்டிவ் படம் பார்க்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

முதலில் ஒரு சின்ன எச்சரிக்கை. ராபர்ட் பென்டன் இயக்கிய ‘ட்வைலைட்’ பாருங்கள் என்று யாராவது சொன்னால், வெறும் பெயரைப் போட்டுத் தேடாதீர்கள். ரத்தக் காட்டேரி காதலிக்கிற படம்தான் வந்து நிற்கும். அதே பென்டனின் ‘தி லேட் ஷோ’வைத் தேடினால் அமெரிக்க டிவியின் ராத்திரி அரட்டை நிகழ்ச்சிகள் வரிசை கட்டும். முதலாவதற்கு 1998 என்றும் இரண்டாவதற்கு 1977 என்றும் சேர்த்துப் போடுங்கள். இது தெரியாமல் நான் ஒரு முழுச் சாயங்காலத்தைத் தொலைத்திருக்கிறேன்.

இரண்டுமே ஃபிலிம் நுவார் பரம்பரையில் வந்தவை. லாஸ் ஏஞ்சலஸ் நகரம், தனியாளாக வேலை பார்க்கும் துப்பறிவாளர், அற்ப வேலையாக ஆரம்பித்துப் பெரிய அழுக்குக் குட்டையில் போய் முடியும் விசாரணை. நுவார் என்றால் பிரெஞ்சு மொழியில் கறுப்பு. போர்க்காலத்தில் பிரான்ஸுக்கு வராமல் நின்றிருந்த அமெரிக்கப் படங்கள் போர் முடிந்ததும் பாரிஸில் மொத்தமாக வந்து இறங்கின. 1946-இல் அவற்றைப் பார்த்த நினோ ஃபிராங்க் என்ற விமர்சகர் வைத்த பெயர் இது. நான் சொல்ல வந்த படங்களில் கூடுதலாக ஒன்று உண்டு. துப்பறிகிறவருக்கு வயசாகிவிட்டது. வேடத்துக்காக நரை பூசிய வயசு இல்லை, நிஜமான வயசு.

இந்த மாதிரிப் படங்களைச் சிபாரிசு செய்து நான் நிறையத் திட்டு வாங்கியிருக்கிறேன். “கதையே புரியல.” “ஆமை மாதிரி நகருது.” “யார் செஞ்சான்னு பாதியிலயே தெரிஞ்சு போச்சு.” புகார்களில் கொஞ்சம் நியாயம் உண்டு. ஆனால் பாதிக் கோளாறு படத்தில் இல்லை, உட்கார்ந்து பார்த்த விதத்தில்தான்.

பெரும்பாலோர் செய்யும் தவறு, முதல் காட்சியிலிருந்தே கொலைகாரனைத் தேட ஆரம்பிப்பது. அகதா கிறிஸ்டி கதைக்கு அது சரி. அங்கே எல்லா முடிச்சும் கடைசியில் அவிழும் என்று எழுதாத ஒப்பந்தம் இருக்கிறது. நுவாரில் அப்படி ஒன்றும் கிடையாது. ஹோவர்ட் ஹாக்ஸ் இயக்கி 1946-இல் வெளிவந்த ‘தி பிக் ஸ்லீப்’ படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கதையில் கார் டிரைவர் ஒருவர் காரோடு கடலுக்குள் போய்ச் செத்துக் கிடப்பார். அவரை யார் கொன்றார்கள் என்று படம் எடுத்தவர்களுக்கே விளங்கவில்லை. நாவலை எழுதிய ரேமண்ட் சாண்ட்லருக்குத் தந்தி அடித்துக் கேட்டார்கள். அவருக்கும் தெரியவில்லை. இதைச் சாண்ட்லரே பிறகு கடிதத்தில் எழுதியிருக்கிறார். அந்த ஓட்டையோடுதான் படம் ஓடியது, இன்றைக்கும் ஓடுகிறது. யார் கொன்றது என்பதைவிட, இந்த விசாரணை துப்பறிகிறவரை என்ன செய்கிறது என்பதில்தான் இந்த வகைப் படத்துக்குக் கண். அவருக்கு வயது கூடக்கூட அந்தக் கேள்விக்கு எடையும் கூடுகிறது.

சரி, கொலைகாரனைத் தேடாமல் எதைத்தான் பார்ப்பது? நடிகர்களைப் பாருங்கள். இங்கேதான் இரண்டாவது தவறு வருகிறது. ‘யாரோ பழைய நடிகர்கள்’ என்று நினைத்துக் கடந்து போவது. ‘ட்வைலைட்’ வெளியானபோது பால் நியூமனுக்கு 73, ஜேம்ஸ் கார்னருக்கு 69, ஜீன் ஹேக்மனுக்கு 68. மூவரையும் கூட்டினால் 210 வயது. கதை எளிது. நியூமன் முன்னாள் போலீஸ்காரர், அப்புறம் தனியார் துப்பறிவாளர், இப்போது எதுவுமில்லை. ஹேக்மனும் சூசன் சரண்டனும் ஒரு காலத்தில் கொடிகட்டிப் பறந்த சினிமா தம்பதி. அவர்கள் வீட்டு கார் ஷெட்டுக்கு மேலே இருக்கும் அறையில் நியூமன் குடியிருக்கிறார். ஹேக்மனுக்குப் புற்றுநோய். ஒரு நாள் ஓர் உறையைக் கொடுத்து, இதை இன்ன இடத்தில் சேர்த்துவிடு என்கிறார். நியூமன் போகிறார். அங்கே ஒருவர் சாகக் கிடக்கிறார். சரண்டனின் முதல் கணவர் இருபது வருஷத்துக்கு முன்னால் காணாமல் போன கதை அங்கிருந்து மெல்லக் கிளறப்படுகிறது.

இப்போது நடிகர் பட்டியலை இன்னொரு தடவை பாருங்கள். நியூமன் 1966-இல் ‘ஹார்ப்பர்’ படத்தில் தனியார் துப்பறிவாளர், 1975-இல் ‘தி டிரவுனிங் பூல்’ படத்தில் மறுபடி அதே ஹார்ப்பர். கார்னர் 1969-இல் சாண்ட்லரின் நாவல்களில் வரும் துப்பறிவாளர் பிலிப் மார்லோவாகவே நடித்தவர். பிறகு 1974 முதல் 1980 வரை ‘தி ராக்ஃபோர்ட் ஃபைல்ஸ்’ தொடரில் வாராவாரம் துப்பறிந்தவர். ஹேக்மன் 1975-இல் ‘நைட் மூவ்ஸ்’ படத்தில் துப்பறிவாளர். இவ்வளவு ஏன், அந்த உறை போய்ச் சேரும் இடத்தில் செத்துக்கொண்டிருப்பவராக வரும் எம். எம்மெட் வால்ஷ்கூட 1984-இல் கோயன் சகோதரர்களின் முதல் படமான ‘பிளட் சிம்பிள்’ படத்தில் வியர்த்து வழியும் அயோக்கியத் துப்பறிவாளராக வந்தவர்தான்.

ஆக, ஒரே படத்துக்குள் நாலு பழைய டிடெக்டிவ்கள். ஒருவர் இன்னும் துப்பறிகிறார், ஒருவர் நோயில் கிடக்கிறார், ஒருவர் நண்பராக வந்து போகிறார், ஒருவர் செத்துப் போகிறார். நியூமனும் ஹேக்மனும் உட்கார்ந்து சீட்டாடும் காட்சியில் கதைக்கு வேண்டிய தகவல் பெரிதாக ஒன்றுமில்லை என்று சலித்துக்கொள்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். ஒருவரை ஒருவர் எவ்வளவு தூரம் தெரிந்து வைத்திருக்கிறார்கள், தெரிந்தும் எதைப் பேசாமல் விடுகிறார்கள் என்பதுதான் அங்கே தகவல். படத்தின் மொத்த மர்மமும் அந்தப் பேசாமல் விடுவதில்தான் இருக்கிறது. யார் செய்தது என்று நான் சொல்லப் போவதில்லை. முன்கூட்டித் தெரிந்துபோனாலும் குடி முழுகிவிடாது.

பழைய முகத்தைக் கொண்டுவந்து நிறுத்தி அதன் கடந்த காலத்தையும் சேர்த்துப் பேச வைப்பது இந்த வகையில் பழக்கமான வித்தை. 1974-இல் வந்த ‘சைனாடவுன்’ படத்தின் வில்லன் கிழவர் நோவா கிராஸாக நடித்தவர் ஜான் ஹூஸ்டன். 1941-இல் ‘தி மால்டீஸ் ஃபால்கன்’ படத்தை இயக்கி இந்த வகைக்கே கால்கோள் நாட்டியவர்களில் ஒருவர். வீட்டைக் கட்டியவரே கடைசியில் அதற்குள் பேயாக வந்து உட்கார்ந்த மாதிரி.

இதற்காக நூறு படம் பார்த்துவிட்டுத்தான் இதைத் தொட வேண்டும் என்று பாடத்திட்டம் போட்டுக்கொள்வதும் தவறுதான். பட்டியல் போடுகிற ஆட்கள் கடைசிவரை பட்டியலைத்தான் போட்டுக்கொண்டிருப்பார்கள். ஒரு ஜோடிப் படம் போதும். ராபர்ட் மிட்சம் நடித்த ‘அவுட் ஆஃப் தி பாஸ்ட்’ 1947-இல் வந்தது. அப்போது அவருக்கு 30 வயது. தூக்கக் கலக்கமான கண், வாயில் சிகரெட், எதற்கும் அவசரப்படாத நடை. அதைப் பார்த்த கையோடு 1975-இல் வந்த ‘ஃபேர்வெல், மை லவ்லி’ பாருங்கள். அதே கண், அதே நடை, 28 வருஷம் கழித்து, சாண்ட்லரின் மார்லோவாக. ஆரம்பத்தில் ஹோட்டல் ஜன்னலோரம் நின்றுகொண்டு, இந்த வசந்தத்தில்தான் முதல் தடவையாக எனக்கு அசதி தெரிந்தது, வயசாகிறது என்று புரிந்தது என்கிற மாதிரி அவர் குரல் பேச ஆரம்பிக்கும்.

இங்கே நாவல் படித்தவர்கள் ஒரு தவறு செய்வார்கள். ‘மார்லோவுக்கு இவ்வளவு வயசா?’ என்று முகம் சுளிப்பார்கள். சாண்ட்லரின் முதல் நாவலில் மார்லோவுக்கு 33 வயது என்பது உண்மை. 1953-இல் வந்த ‘தி லாங் குட்பை’யில்கூட 42தான். மிட்சமுக்கோ படம் வந்த நேரத்தில் கிட்டத்தட்ட 58. ஆனால் படம் அதை மறைக்கவில்லை, அதன் மேலேயே கட்டப்பட்டிருக்கிறது. கதை நடப்பது 1941-இல். அந்தக் கோடையில் ஜோ டிமாஜியோ என்ற பேஸ்பால் வீரர் ஆட்டத்துக்கு ஆட்டம் அடித்துக்கொண்டே போனார், அமெரிக்கா முழுக்க அதே பேச்சு. 56 ஆட்டங்களில்தான் அந்த ஓட்டம் நின்றது. பிணங்களுக்கும் போலீசுக்கும் நடுவே மார்லோ அந்தக் கணக்கை விடாமல் கேட்டுக்கொண்டிருப்பார். கிரிக்கெட் ஸ்கோர் கேட்கிற நம் வீட்டுப் பெரியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

வயசு மட்டுமே படத்தைத் தூக்கி நிறுத்திவிடாது என்பதற்கும் மிட்சமே சாட்சி. மூன்று வருஷம் கழித்து, 1978-இல் ‘தி பிக் ஸ்லீப்’பை மறுபடி எடுத்தார்கள். அதே மார்லோ, அதே மிட்சம். எழுபதை நெருங்கிய ஜேம்ஸ் ஸ்டூவர்ட்டும் சக்கர நாற்காலியில் இருந்தார். ஆனால் கதையை அன்றைய இங்கிலாந்துக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். மார்லோ அங்கே சுற்றுலா வந்தவர் மாதிரி நிற்கிறார். நுவாருக்கு ஊர் முக்கியம். ஆள் கெட்டுப்போவதற்கு முன்னால் ஊர் கெட்டுப்போயிருக்க வேண்டும்.

வெளிச்சத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ‘அவுட் ஆஃப் தி பாஸ்ட்’டை நான் முதலில் பார்த்தது பகல் நேர ரயிலில், ஜன்னலோரம், போனில். பாதிப் படத்தில் திரையில் தெரிந்தது என் மூஞ்சிதான். ஒளிப்பதிவாளர் நிக்கோலஸ் முசுராகா ஒற்றை விளக்கை ஒரு பக்கமாக வைத்து மறுபக்கத்தை இருட்டாகவே விட்டிருப்பார். அந்த இருட்டுக்குள்ளும் ஒரு கை, ஒரு தோள், ஒரு கதவு இருக்கும். வெயிலில் பார்த்தால் எல்லாம் ஒரே கறுப்புப் பூச்சு. ராத்திரி, விளக்கை அணைத்துவிட்டுப் பாருங்கள். டிவியில் ‘விவிட்’ என்று ஒன்று இருந்தால் அதையும், அசைவை வழவழப்பாக்கி எல்லாவற்றையும் சீரியல் மாதிரி காட்டுகிற அமைப்பையும் நிறுத்திவிடுங்கள். கறுப்பு வெள்ளையாக இருந்தால்தான் நுவார் என்று அடம் பிடிக்கவும் வேண்டாம். ‘சைனாடவுன்’, ‘ஃபேர்வெல், மை லவ்லி’ இரண்டையும் கலரில் எடுத்தவர் ஜான் அலான்ஸோ என்ற ஒரே ஒளிப்பதிவாளர்தான்.

அப்புறம், படத்தில் வரும் பெண்ணைப் பார்த்த மாத்திரத்தில் ‘இவள்தான் வில்லி’ என்று முடிவு கட்டும் பழக்கம். 1940-களின் படங்கள் பழக்கிவிட்டுப் போன கெட்ட பழக்கம் அது. பென்டன் இரண்டு படத்திலும் அந்தப் பழக்கத்தோடு விளையாடுகிறார். ‘தி லேட் ஷோ’வில் லிலி டாம்லின் கல்லறைத் தோட்டத்தில் வந்து நின்று கொடுக்கும் வழக்கே, காணாமல் போன தன் பூனையைக் கண்டுபிடிக்க வேண்டும் என்பதுதான். வாய் ஓயாமல் பேசுவார். அந்த நடிப்புக்குப் பெர்லின் விழாவில் சிறந்த நடிகைக்கான வெள்ளிக் கரடி கிடைத்தது.

‘மெதுவாகப் போகிறது’ என்ற புகாரைக் கடைசியில் வைத்திருக்கிறேன், ஏனென்றால் அதற்குப் பதில் சொன்னது நான் இல்லை, என் சித்தப்பா. எழுபது வயது ஹீரோ இருபது பேரைத் தூக்கி எறிவதைப் பார்த்துப் பழகிய கண் நமக்கு. வயசான டிடெக்டிவ் மாடிப்படி ஏறுகிற நேரத்தை ஒன்றரை மடங்கு வேகத்தில் தள்ளிவிடத் தோன்றும். தள்ளினால் படமே போய்விடும். ‘தி லேட் ஷோ’வின் ஐரா வெல்ஸுக்கு வயிற்றில் புண், காதில் மிஷின், காலில் விந்தல். குடியிருப்பது ஒரு வீட்டில் வாடகைக்கு எடுத்த அறை. ஒரு ராத்திரி பழைய கூட்டாளி குண்டடிபட்டு அவரைத் தேடி வந்து சாகிறார். அந்தக் கூட்டாளியாக நடித்த ஹோவர்ட் டஃப் 1946 முதல் வானொலியில் சாம் ஸ்பேடு என்ற துப்பறிவாளருக்குக் குரல் கொடுத்தவர். அமெரிக்க வீடுகளில் அந்தக் குரலை அடையாளம் கண்டவர்கள் இருந்திருப்பார்கள். ஐராவாக நடித்த ஆர்ட் கார்னிக்கு அப்படித் துப்பறியும் பூர்வீகம் எதுவும் இல்லை. டிவி காமெடியில் பேர் வாங்கியவர். ஆனால் அந்த விந்தல் நடிப்பு இல்லை. 1944-இல் நார்மண்டியில் குண்டுச் சிதறல் பட்ட கால், ஆயுசு முழுக்க அப்படித்தான் நடந்தார்.

இது எதையும் சித்தப்பாவிடம் நான் சொல்லவில்லை. ஓய்வு பெற்ற மனிதர், இரண்டு முழங்காலிலும் தேய்மானம். சும்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். ஐரா நாற்காலியில் உட்காரும்போது ஒரு கையை முதலில் ஊன்றி, அப்புறம் உடம்பை இறக்குவார். சித்தப்பா அதைப் பார்த்துவிட்டு, “டேய், இந்த ஆளுக்கு நெசமாவே கால்ல ஏதோ இருக்குடா. நடிக்கிறவன் இப்படி உக்கார மாட்டான்” என்றார். அதன் பிறகு ஐரா ஒவ்வொரு தடவை எழுந்திருக்கும்போதும் சித்தப்பாவின் கையும் சோபாவைப் பிடித்தது.

கடைசி இருபது நிமிஷத்தில் தூங்கிவிட்டார். மறுநாள் காலையில் காபி தம்ளரோடு வந்து நின்றார். யார் கொன்றது என்று கேட்பார் என்று எதிர்பார்த்தேன்.

“அந்தப் புள்ளையோட பூனை கெடைச்சுதா இல்லையாடா?” என்றார்.

நான் சொல்லவில்லை. மத்தியானம் அவரே உட்கார்ந்து மிச்சத்தைப் பார்த்து முடித்தார்.