மைக்கிலிருந்து மனை விற்பனைக்கு: வர்ணனையாளர்களுக்குச் சில குறிப்புகள்

ஐபிஎல், டிஎன்பிஎல் சீசனோடு வேலையும் முடிந்துவிடும் தமிழ் வர்ணனையாளர்களுக்கு மனை விற்பனை நல்ல மாற்றுத் தொழில்.

முதலில் முகவர் பதிவு. 500 சதுர மீட்டரைத் தாண்டும் மனைப்பிரிவு ரெராவில் (மனை, கட்டட விற்பனையை ஒழுங்குபடுத்தும் ஆணையம்) பதிவாகியிருக்க வேண்டும். அதில் மனை விற்றுத்தர உங்களுக்கும் பதிவு எண் வேண்டும். இல்லாவிட்டால் நாளொன்றுக்கு ரூ.10,000 அபராதம், சொத்தின் விலையில் 5 சதவீதம் வரை ஏறும்.

அடுத்தது பேச்சு. மௌனத்தை நிரப்பியே பழகியவர்களுக்கு, "மெட்ரோ வருது சார், விலை டபுளாகும்" என்று சொல்லிவிடத் தோன்றும். ஆதாரமில்லாமல் அப்படிச் சொன்னால் பதிவே ரத்தாகலாம். இடத்தைக் காட்டிவிட்டுப் பேசாமல் நில்லுங்கள், வாங்குபவரே கேட்பார்.

ஆட்டத்துக்குமுன் புள்ளிவிவரம் சேர்ப்பீர்களே, அந்த உழைப்புதான் இங்கே உங்கள் பலம். 30 ஆண்டு வில்லங்கச் சான்று, தாய்ப்பத்திரம் (சொத்தின் முந்தைய உரிமைப் பத்திரம்), பட்டா, டிடிசிபி (நகர் ஊரமைப்பு இயக்ககம்) அல்லது சிஎம்டிஏ (சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம்) அனுமதி எண் எல்லாவற்றையும் மனையைக் காட்டுமுன்பே பார்த்துவிடுங்கள். குறிப்பாக சர்வே எண்ணின் உட்பிரிவு. பத்திரத்தில் 45/2 என்றும் பட்டாவில் 45/2பி என்றும் இருந்தால், உட்பிரிவு ஆவணம் கேட்டு வங்கி கடனை நிறுத்திவைக்கும். அதற்குள் வாங்குபவர் வேறு இடம் பார்த்துவிடுவார். முன்கூட்டியே விற்பவரிடம் சொல்லிச் சரிசெய்ய வையுங்கள்.

கமிஷன் பெரும்பாலும் பத்திரப்பதிவு அன்றுதான் கைக்கு வரும். ஆறு மாத வீட்டுச் செலவைத் தனியே வைத்துக்கொண்டு இறங்குங்கள். முதல் வருடம் வர்ணனை ஒப்பந்தத்தை விட்டுவிடாதீர்கள்.