பண்டிகைப் படக்கதைகளின் வழியே பகிர்தலைப் பழக்குதல்

தீபாவளிக்கு ஒரு வாரம் முன்பே, பலகாரத் தட்டு அண்டை வீட்டுக்குப் போகும் காட்சி இடம்பெறும் படக்கதை ஒன்றைத் தேர்ந்தெடுத்துவிடுங்கள். காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும் என்பதில்லை. குழந்தைகள் நூல் பதிப்பகமான பிரதம் புக்ஸ் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் இணையதளத்தில் தமிழ்ப் படக்கதைகளை இலவசமாகப் படிக்கலாம், தரவிறக்கவும் செய்யலாம். கடைசிப் பக்கத்தில் நீதி சொல்லும் புத்தகங்களை நான் தவிர்த்துவிடுவேன். அந்தப் பக்கம் வருவதற்குள் குழந்தை எழுந்து ஓடிவிடுகிறது.

கதையில் வரும் சிறுமி கடைசி அதிரசத்தைப் பாவாடை மடிப்பில் ஒளித்துவைக்கிறாள் என்றால், அங்கே சற்று நிறுத்தி, "இவள் முகம் ஏன் இப்படி இருக்கிறது?" என்று மட்டும் கேளுங்கள், "நீயும் இப்படித்தானே" என்று குழந்தையைக் கதைக்குள் இழுத்துக் குற்றவாளியாக்கிவிட வேண்டாம். பதில் வராவிட்டால், அடுத்த இரவும் அதே பக்கத்தில் நிறுத்திப் பாருங்கள்.

மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குத் தன் பொருளை விட்டுக்கொடுப்பது உண்மையிலேயே கடினம் என்பதால், பக்கம் திருப்பும் வேலையை அக்காவுக்கும் தம்பிக்கும் மாற்றி மாற்றிக் கொடுப்பதே போதும். சற்றுப் பெரிய குழந்தையானால், பண்டிகையன்று தட்டில் எத்தனை முறுக்கு வைப்பது என்பதை அதனிடமே விட்டுவிட்டு, இரண்டே இரண்டு வைத்தாலும் திருத்தாமல் உடன் செல்லுங்கள். தட்டை வெறுமையாகத் திருப்பக் கூடாதென்று அந்த வீட்டார் ஒரு கைப்பிடிச் சர்க்கரையாவது போட்டுக் கொடுப்பார்கள். அன்றிரவு புத்தகத்தைக் குழந்தையின் கையில் கொடுத்து, கதையை அதனையே சொல்லச் சொல்லுங்கள்.